கொட்டு முன்னாடி, சத்தம் பின்னாடி: 4 வருஷ டிவிடி அனுபவம்

ஏற்காட்டில் இருக்கும் அம்மாயிக்கு வீட்டு விசேஷ வீடியோக்களை டிவிடியில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்து 4 வருஷம் ஆகிறது. போன வாரம் அவருடைய பிளேயர் டிஸ்க்கைப் படிக்காமல் நின்றுவிட்டது. மலை ஈரத்தில் லென்ஸ் போயிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொடுத்து லென்ஸ் மாற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்தபடியே பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இதைக் கேட்ட நண்பன், "எங்க அப்பாவுக்கும் இப்படிச் செஞ்சு கொடுக்கணும்டா, எதுல செய்யற?" என்றான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது டிவிடி ஸ்டைலர் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள். இலவசம். போனில் எடுத்த எம்பி4 வீடியோ ஃபைலைக் கொடுத்தால் பிளேயருக்குத் தேவையான எம்பெக்-2 என்ற வடிவத்துக்கு மாற்றி, பிளேயர் தேடும் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டர் போட்டு, டிஸ்க்கிலும் எழுதிவிடும். நம் ஊர் டிவிக்கு பால் (PAL) என்ற முறை, அதாவது படம் 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்). 4.7 ஜிபி டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் 4.37 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம். ஒன்றே முக்கால் மணி நேர வீடியோவுக்கு பிட் ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்ற கணக்கு) 5000 கிலோபிட் வைத்தால் தாராளமாக அடங்கும். பழைய பிளேயர் என்றால் 4எக்ஸ் (4x) என்ற குறைந்த வேகத்தில் எழுதுவது நல்லது.

இதுவரைக்கும் எல்லாம் சுகம்தான். என்னை வாட்டி எடுப்பது சத்தம்.

அக்கா மகள் காதுகுத்தை முழுக்க போனில்தான் எடுத்தோம். கம்ப்யூட்டரில் பார்த்தால் அப்பழுக்கில்லை. டிவிடியில் முதல் 10 நிமிஷம் சரியாக இருந்தது. முக்கால் மணி நேரம் தாண்டியதும் தவில்காரர் குச்சி தோலில் விழுந்து மேலே எழும்பிய பிறகுதான் சத்தம் வந்தது. அம்மாயி டிவி கிட்டேயே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கொட்டு முன்னாடி அடிச்சுப்போட்டு சத்தம் பொறவு வருது?" என்று கேட்டார். மூன்று டிஸ்க் வீணானது. பிளேயர்மேல் சந்தேகம், டிஸ்க்மேல் சந்தேகம், டிவிடி ஸ்டைலர்மேலும் சந்தேகம்.

கடைசியில் பார்த்தால் குற்றம் ஃபைலில் இருந்தது. போன் கேமரா ஃபிரேமை ஒரே சீராக எடுப்பதில்லை. மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30-லிருந்து தானே குறைத்துக்கொள்கிறது. டிவிடிக்கோ ஒரே கணக்குதான் தெரியும். குறைவாக எடுத்த ஃபிரேம்களைச் சீராக அடுக்கும்போது படம் முந்தி ஓடுகிறது, சத்தம் பின்தங்குகிறது. ஃபைலின் விவரம் காட்டும் மீடியா இன்ஃபோ மென்பொருளில் திறந்து, ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் (மாறிக்கொண்டே இருப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கொடுத்து 25, கான்ஸ்டன்ட் (ஒரே சீர்) என்று வைத்துப் புது எம்பி4 எடுக்க வேண்டும். (ஹேண்ட்பிரேக்கே டிவிடி செய்து கொடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். செய்யாது.) அப்புறம் அதை டிவிடி ஸ்டைலரில் போட்டால் தவில் சரியாக விழுகிறது. 30-ஐ 25 ஆக்குவதால் கேமரா வேகமாகத் திரும்பும் இடத்தில் லேசாக வெட்டும். அம்மாயி அதைக் கவனிக்கவே இல்லை. என் பழைய கம்ப்யூட்டரில் இரண்டு தடவை மாற்றி முடிக்க ராத்திரி முழுக்க ஓடும். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாயிக்குச் சின்ன எழுத்து தெரியாது என்று மெனுவே வைக்காமல் செய்தேன். டிஸ்க்கைப் போட்டதும் தானாக ஓடும். சடங்குக்கு ஒரு சாப்டர் வைத்தேன். ரிமோட்டில் அடுத்தது பட்டனை நாலு தடவை அழுத்தினால் பாப்பா அழும் இடம் வந்துவிடும் என்று அவரே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் யார் வந்தாலும் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார். டிவிடி ஸ்டைலருக்குக் கோடி கும்பிடு போடலாம்.

ஆனாலும் நண்பனுக்குச் சொல்வது இதுதான்: வேண்டாம். உங்கள் அப்பா டிவியில் யுஎஸ்பி ஓட்டை இருந்தால் பென் டிரைவில் போட்டுக் கொடு. மூன்று ராத்திரி தூக்கம் கெட்டவன் சொல்கிறேன்.

நேற்று சித்தி மகள் வளைகாப்பு வீடியோவை அனுப்பியிருக்கிறாள். ஃபிரேம் ரேட் மோட், வேரியபிள். அம்மாயி ஞாயிற்றுக்கிழமை எதிர்பார்ப்பார். இன்றைக்கு ஹேண்ட்பிரேக்கில் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும்.