ஸ்கில் மேட்ரிக்ஸ் பலகை: ஒரு பட்டறையில் 7 வருடம்

கோவை குறிச்சி சிட்கோவில், பம்ப் ஷாஃப்டும் வால்வு உதிரிகளும் கடையும் பட்டறை ஒன்றில் நான் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். கணினி புரோகிராமில் ஓடும் சி.என்.சி. டர்னிங் (கடைசல்) மெஷின் ஆறு, துளையும் தளமும் வெட்டும் வி.எம்.சி. இரண்டு, உருளைப் பரப்பைச் சாணை பிடிக்கும் சிலிண்டிரிக்கல் கிரைண்டிங் ஒன்று. இரண்டு ஷிஃப்டும் சேர்த்து 38 பேர். 2018 ஜூனில் வருகைப் பதிவு பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஸ்கில் மேட்ரிக்ஸ் பலகை ஒன்றை மாட்டினோம். இன்றும் அதே பலகைதான் இருக்கிறது. அது எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. ஹெச்.ஆர். என்று தனி ஆள் இல்லாத சின்னப் பட்டறைக்காரர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் இது பயன்படும்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இடது ஓரத்தில் ஆட்களின் பெயர், மேலே வேலைகளின் பெயர், குறுக்கே கட்டங்கள். ஒருவர் ஒரு வேலையைக் கற்கத் தொடங்கினால் அந்தக் கட்டத்தில் ஒரு செங்குத்துக் கோடு. பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார் என்றால் கீழே இன்னொரு கோடு. தனியாகச் செய்வார் என்றால் மூன்றாவது கோடு. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதி வந்துவிட்டால் நான்காவது கோடு போட்டுச் சதுரத்தை மூடுகிறோம். வெளியே இதை ஆங்கில எழுத்துகளின் பெயரால் சொல்வார்கள். எங்கள் பையன்கள் முதல் வாரத்திலேயே தமிழாக்கிவிட்டார்கள். இரண்டு கோடு 'ட' மாதிரி இருக்கிறது, மூன்று கோடு 'ப' மாதிரி இருக்கிறது. "அவன் ஆஃப்செட்ல இன்னும் ட-தானுங்கண்ணா, ப ஆகலை" என்பதுதான் எங்கள் பேச்சுவழக்கு (ஆஃப்செட் என்றால் மெஷினில் டூலின் அளவைத் திருத்துவது).

மாட்டிய காரணம் உயர்ந்தது ஒன்றும் இல்லை. தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001:2015 தரநிலையின் 7.2-ஆம் பிரிவு, வேலை செய்பவருக்கு அந்த வேலைக்கான தகுதி இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்கிறது. கஸ்டமர் ஆடிட் வரப்போகிறது என்றதும் ஒரு சனிக்கிழமை மாலை நானே கேபினில் உட்கார்ந்து 14 வேலைக்கும் எல்லோருக்கும் கோடு போட்டு முடித்தேன். பழைய ஆள் என்றால் 'ப', புது ஆள் என்றால் 'ட'. ஆடிட் நல்லபடியாக முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நைட் ஷிஃப்டில், மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் செட்டர் வரவில்லை. பலகையைப் பார்த்தேன். சாஃப்ட் ஜா போரிங்கில் (பீஸைப் பிடிக்கும் தாடைகளை அந்தப் பீஸின் அளவுக்கு அறுத்துக்கொள்ளும் வேலை) 'ப' இருந்த ஒரு பையனை செட்டிங்கில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஒரு டிரே முழுக்க ஷாஃப்ட் ரன்-அவுட்டில் (சுற்றும்போது மையம் விலகுவது) போயிருந்தது. அவனைக் கேட்டேன். "நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேனுங்கண்ணா, ஒருக்காகூட நானா அறுத்ததில்லைங்க" என்றான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் செய்து ஒரு நாளும் நான் பார்க்காத வேலைக்குக் கோடு போட்டது நான்தான். அன்றே துணியை எடுத்துப் பலகை முழுவதையும் துடைத்தேன். இந்த அனுபவத்தில் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: கேபினில் உட்கார்ந்து நிரப்பிய பலகை இருப்பதைவிடப் பலகையே இல்லாமல் இருப்பது மேல். பலகை இல்லாவிட்டால் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். 'ப' வேண்டுமென்றால் அந்த வேலையை மூன்று முறை தனியாகச் செய்ய வேண்டும், மூன்றிலும் முதல் பீஸ் அளவில் இருக்க வேண்டும், ஒருவர் நேரில் நின்று பார்த்துத் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். பலகை மெதுவாகத்தான் நிரம்பியது. ஆறு மாதம் பாதிக் கட்டம் காலியாகவே கிடந்தது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். ஆனால் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குக் காட்டியது அந்தக் காலிக் கட்டங்கள்தான்.

சரி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இங்கேதான் டி.டபிள்யூ.ஐ. (டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி) முறை வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை அமெரிக்க அரசு நடத்திய திட்டம் அது. அனுபவம் உள்ளவர்கள் போருக்குப் போக, தொழிற்சாலைக்கே புதியவர்களை வேகமாக வேலைக்குத் தயார்செய்ய வேண்டியிருந்தது. முதல் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளங்களில் சார்லஸ் ஆலன் என்ற தொழிற்பயிற்சியாளர் பயன்படுத்திய நான்கு படி முறையை எடுத்து, சூப்பர்வைசர்களுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வு, மொத்தம் 10 மணி நேரத்தில் கற்பித்தார்கள். திட்டம் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தப் பயிற்சிகளில் சான்று பெற்றார்கள். போர் முடிந்ததும் அமெரிக்காவில் இது மறக்கப்பட்டது. ஜப்பானோ எடுத்து வைத்துக்கொண்டது. டொயோட்டா தன் ஆட்களைப் பழக்குவதற்கு அடித்தளம் இதுதான். யாருக்கு எந்த வேலையை எந்தத் தேதிக்குள் கற்றுத்தருவது என்று டி.டபிள்யூ.ஐ.காரர்கள் போட்ட பயிற்சிக் கால அட்டவணையும் பெயர், வேலை, கட்டம் என்றுதான் இருக்கும். எங்கள் சுவரில் தொங்குவதற்குப் பாட்டன் அது என்றே நினைக்கிறேன்.

நான்கு படி எளிதானது. முதலில் ஆளை இலகுவாக்கி, அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. இரண்டாவது, ஒவ்வொரு படியாகச் சொல்லி, செய்து காட்டுவது. மூன்றாவது, அவனைச் செய்யவிட்டு, செய்துகொண்டே அவன் வாயால் சொல்ல வைப்பது. நான்காவது, தனியாக விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் போவது என்று சொல்லிவிட்டு, அடிக்கடி எட்டிப் பார்ப்பது. "கற்பவர் கற்கவில்லை என்றால், கற்பித்தவர் கற்பிக்கவில்லை" என்பது அவர்களுடைய வாசகம். அதை எழுதி ஒட்டும் முன் பையன் தேறாவிட்டால் பையனைத் திட்டுவோம். ஒட்டிய பிறகு அது குறைந்தது.

கடினமானது அதற்கு முந்தைய வேலை. வேலையை உடைத்து எழுதுவதைச் சொல்கிறேன். ஒரு தாளில் மூன்று பத்தி: என்ன செய்ய வேண்டும், அதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் என்ன, அது ஏன். முதலில் சாஃப்ட் ஜா போரிங்கை எடுத்தோம். அதில் பட்டறையிலேயே கை தேர்ந்தவர் எங்கள் செட்டர் அண்ணன், 22 வருட சர்வீஸ். மூன்று வாரம் இழுத்தடித்தார். உட்காரச் சொன்னால் மெஷினில் வேலை இருக்கிறது என்பார். ஒரு நாள் டீ நேரத்தில் மனதைத் திறந்தார்.

"தம்பி, நான் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துப்போட்டா, நாளைக்கு என்னை எதுக்குங்க வெச்சிருப்பீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பயிற்சியைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது என்பது என் முடிவு. முதலாளியிடம் போய்ப் பேசினேன். சதுரம் மூடியவருக்கு மாதம் ஒரு தொகை, சொல்லிக்கொடுக்கும் நேரத்தை மெஷின் உற்பத்திக் கணக்கிலிருந்து கழித்துவிடுவது என்று ஒப்புக்கொண்டார். பணத்தைவிட இரண்டாவதுதான் அண்ணனைத் தொட்டது என்று நினைக்கிறேன். "சொல்லிக் குடுக்கறதையும் வேலைன்னு ஒத்துக்கிட்டீங்க" என்றார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதை எழுதி மாளவில்லை. ஜாவின் பற்களில் ஒரு துளி சிப் (உலோகத் துகள்) இருந்தாலும் ஜா சரியாக உட்காராது, ஊதித் துடைக்க வேண்டும். ஜாவைச் சும்மா இறுக்கி அறுக்கக் கூடாது, உள்ளே ஒரு ரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் அறுக்க வேண்டும். பீஸைப் பிடிக்கப்போகிற அதே பிரஷரில் அறுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் அந்த நைட் ஷிஃப்ட் பையன் தவறியிருந்தான். பிரஷரைக் குறைத்து அறுத்தால், பிறகு கூட்டிப் பிடிக்கும்போது ஜா சாய்கிறது, ரன்-அவுட் வருகிறது. அண்ணனுக்கு அது கையில் இருந்தது, ஒருநாளும் வாயில் வந்ததில்லை. 'ஏன்' என்ற மூன்றாவது பத்தியை விட்டுவிடாதீர்கள். காரணம் தெரியாத சூட்சுமத்தை அவசரமான நேரத்தில் பையன்கள் முதலில் கைவிடுவார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. திறக்க அனுமதி கிடைத்தபோது எங்களிடம் இருந்தது 17 பேர். ஒடிசா, பீகார் தம்பிகள் ஊருக்குப் போய்விட்டார்கள். பலகையின் உண்மையான மதிப்பை நான் அப்போதுதான் பார்த்தேன். சி.என்.சி. வேலைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று 'ப' மிச்சம் இருந்ததால், ஹெல்ப்பராக இருந்தவர்களையும் சேர்த்துப் பத்து நாளில் நான்கு மெஷின் ஓட்டிவிட்டோம். கிரைண்டிங்குக்கு மூடிய சதுரம் ஒன்றே ஒன்று, அந்த ஆள் ஊரில். இரண்டு மாதம் அந்த மெஷின் சும்மா நின்றது, ஷாஃப்டை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தோம். அதுவரை பலகையை ஆள் ஆளாகக் குறுக்கே படித்துக்கொண்டிருந்தேன். இப்போது மாதம் ஒரு முறை நெடுக்காகப் படிக்கிறேன். எந்த வேலையில் இரண்டு மூடிய சதுரத்துக்குக் குறைவோ, அதுதான் அந்த மாதப் பயிற்சி.

அடுத்த வருடம் ஒரு தவறு செய்தோம். ஒவ்வொரு கோட்டுக்கும் சம்பள உயர்வு என்று அறிவித்தோம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் பலகை கெட்டுப்போனது. கையெழுத்துக்குச் சண்டை, ஊர்க்காரனுக்குச் சலுகை, "அவனுக்குப் போட்டீங்க, எனக்கு ஏனுங்க போடலை" என்ற மனத்தாங்கல். ஒரு கோடு தள்ளிப்போனால் ஒருவர் வீட்டில் பணம் குறையும் என்றால், கையெழுத்துப் போடுகிறவருக்கு உண்மையைச் சொல்லக் கை வராது. அடுத்த தீபாவளியோடு அதை நிறுத்தினோம். இப்போது தொகை இரண்டே இடத்தில். சதுரம் மூடியவருக்கு மாதாமாதம், அவரிடம் கற்றவர் 'ப' ஆகும்போது சொல்லிக்கொடுத்தவருக்கு இன்னொரு முறை. சொல்லிக்கொடுப்பதற்குப் பணம் என்றானதும் ஆட்கள் தாமாகவே பக்கத்து மெஷினை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். டீம் டீம் என்று நாங்கள் போட்ட கூட்டங்களில் நடக்காதது இதில் நடந்தது.

மனதை உறுத்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களிடம் வயதான ஹெல்ப்பர் ஒருவர். டிராயிங் படிக்கத் தெரியாது. மூன்று வருடம் அவர் பெயருக்கு நேரே ஒரே ஒரு கோடு. பலகைக்கு முன்னால் எல்லோரும் நின்று டீ குடிக்கும்போது அவர் மட்டும் பின்பக்கம் போய்விடுவார். அதை நான் கவனிக்கவே ஒரு வருடம் ஆனது. அவருக்குத் திறமை இல்லையா? துருத் தடுப்பு எண்ணெய் பூசி, துருப்பிடிக்காமல் காக்கும் வி.சி.ஐ. கவரில் சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் பெட்டியில் அடுக்குவதில் அவர் கட்டிய பெட்டி ஒன்றுகூட அடிபட்டதாகத் திரும்பி வந்ததில்லை. நாங்கள் போட்ட 14 வேலையில் பேக்கிங் இல்லை, அவ்வளவுதான். எந்த வேலைக்குப் பத்தி ஒதுக்குகிறோம் என்பதிலேயே யார் திறமைசாலி என்று முடிவு செய்துவிடுகிறோம். பேக்கிங், கூலன்ட் பராமரிப்பு, கேஜ் பராமரிப்பு என்று மூன்று பத்தி சேர்த்தோம். பேக்கிங்கில் முதல் மூடிய சதுரம் அவருடையது. இரண்டு பேரைத் தயார்செய்துவிட்டார்.

அதே சமயம், விளிம்புப் பிசிறு நீக்கும் டீபரிங்கில் இருந்த இரண்டு அக்காக்களின் வரிசையையும் பார்த்தேன். டீபரிங் தவிர மற்றதெல்லாம் வெறுமை. யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை. இன்று ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் அவர்கள் பொறுப்பு. துளையின் விட்டம் அளக்கும் போர் கேஜை அவர்கள் அளவுக்கு நிதானமாகப் பிடிக்கிறவர்கள் எங்களிடம் இல்லை.

ஆட்கள் போவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். போகிறார்கள். 'ப' ஆனவர்களில் சிலர் பெரிய கம்பெனிக்குப் போனார்கள், மனது கனக்கத்தான் செய்தது. ஆனால் கற்றுத்தராமல் வைத்திருந்த காலத்திலும் போனார்கள், அப்போது அவர்கள் இருந்த நாளிலும் ஸ்கிராப் வந்தது. போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மத்திய அரசின் என்.ஏ.பி.எஸ். (தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்பு) திட்டத்தில் அப்ரண்டிஸ் எடுக்கிறோம். உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை அரசு தருகிறது. 30 பேரோ அதற்கு மேலோ இருக்கிற நிறுவனங்களுக்கு அப்ரண்டிஸ் எடுப்பது 2019 திருத்தத்துக்குப் பிறகு கட்டாயமும்கூட.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. பலகை, ஸ்கெட்ச் பேனா எல்லாம் சேர்த்து ஆரம்பச் செலவு சில ஆயிரம்தான். உண்மையான செலவு நேரம், வாரம் இரண்டு மணி நேரம் என் கணக்கு. ஆறு மாதம் கை படாத வேலைக்கு ஒரு கோட்டை அழித்துவிடுவோம், திரும்பச் செய்து காட்டினால் போடுவோம். வேலைகளின் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கிறோம். செயலி ஒன்றையும் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தோம். எனக்கு வசதி, ஆனால் பையன்கள் பார்ப்பதே இல்லை. ஆடிட்டுக்கு மட்டும் எக்செல்லில் நகல் இருக்கிறது. ஒருவரின் பொறுமையோ, கோபமோ, அடுத்தவருக்குக் கைகொடுக்கும் மனமோ இந்தப் பலகையில் வராது. அதையும் கோடாக்கலாமா என்று ஒருவர் யோசனை சொன்னார், நான் மறுத்துவிட்டேன். அது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய விஷயம்.

செட்டர் அண்ணன் இந்தப் பொங்கலோடு ஓய்வு பெற்றார். சாஃப்ட் ஜாவில் அவர் கையெழுத்தோடு மூடிய சதுரம் நான்கு இருக்கிறது. அதில் ஒன்று, அன்று நைட் ஷிஃப்டில் டிரே முழுக்க ரன்-அவுட் கொடுத்த பையனுடையது. இந்த மாதம் நெடுக்காகப் படித்ததில் புரோகிராம் எடிட்டில் ஒரே ஒரு சதுரம்தான் மூடியிருக்கிறது. அதற்கான வேலை உடைப்புத் தாளை அவன்தான் எழுதிக்கொண்டிருக்கிறான், செவ்வாய்க்கிழமை முதல் ஷிஃப்டில் தொடங்குகிறோம்.