நியூ ஆர்லியன்ஸ் பழைய வங்கி நோட்டுகள்: வாங்கலாமா?

உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கத் தென்மாநில நோட்டுகளில் சுலபமாகக் கைக்குக் கிடைப்பது நியூ ஆர்லியன்ஸ் கெனால் வங்கியுடையது. 5, 10, 20, 50, 100 டாலர் எல்லாமே வரும். தாள் மொடமொடவென்று இருக்கும், விலையும் சல்லிசு. காரணம், இவை கையெழுத்தாகாமல் மிச்சம் கிடந்தவை. வங்கித் தலைவரும் கேஷியரும் பேனாவால் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தாள் பணமாகும். அதுவரை வெறும் அச்சுக் காகிதம். அழகுக்கு இது போதும். ஆனால் அந்தக் கால வங்கியாளரின் கைபட்டது வேண்டுமென்றால் அழுக்கேறி மடிந்த, கையெழுத்துள்ள நோட்டைத்தான் தேட வேண்டும்.

இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. மிச்ச நோட்டில் பிற்காலத்தில் யாரோ கையெழுத்தை நிரப்பியிருப்பார்கள். அந்தக் காலத்தில் இரும்பு உப்பு கலந்து செய்த மை பழுப்பாகி, தாளுக்குள் ஊறி, பின்பக்கமும் லேசாகத் தெரியும். சில இடங்களில் தாளையே அரித்திருக்கும். மேலாகப் படிந்து பளபளக்கும் கறுப்பு மையைக் கண்டால் விலகிவிடுங்கள். மஞ்சள் பழுப்பில் விறைப்பாக, சருகு போலச் சலசலக்கும் தாள் என்றால் நினைவுப்பொருள் நகல். லென்ஸில் பார்த்தால் அசலில் செதுக்கிய தகட்டால் அச்சான கோடுகள் மேடாக இருக்கும், நகலில் தட்டை.

நியூ ஆர்லியன்ஸின் இன்னொரு வங்கியான சிட்டிசன்ஸ் வங்கியின் 10 டாலர் நோட்டுக்குத் தனி மவுசு. அதன் பின்பக்கத்தில் பத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'டிக்ஸ்' இருக்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களைக் குறிக்கும் 'டிக்ஸி' என்ற செல்லப்பெயர் அதிலிருந்து வந்தது என்று விற்பவர் கதை சொல்வார். அது நிரூபணமாகவில்லை, கதைக்குக் கூடுதல் பணம் தராதீர்கள்.

விற்பனைக் குறிப்பில் பெரும்பாலும் இடம்பெறாத விஷயம் ஒன்று உண்டு. இவ்விரு வங்கிகளும் 1831 முதல் 1865 வரை தோட்ட முதலாளிகளுக்குக் கொடுத்த கடன்களுக்குச் சுமார் 13,000 அடிமைகளை ஈடாக ஏற்றன; கடன் திரும்பாதபோது சுமார் 1,250 பேர் வங்கியின் உடைமையாகவே ஆனார்கள். இவற்றின் வழிவந்த அமெரிக்க வங்கி ஜேபி மார்கன் சேஸ் 2005இல் இதை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. நோட்டின் மதிப்புக்குப் பின்னால் நின்ற சொத்துகளில் இந்த மனிதர்களும் அடக்கம்.

நான்கு நோட்டு சேர்ந்த வெட்டாத தாள் கிடைத்தால் கத்தரி வைக்காதீர்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையும் ஆகாது. நாளடைவில் பிசுபிசுத்து நோட்டைக் கெடுக்கும். பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையில் போட்டு வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். கழுவுவது, இஸ்திரி போடுவது இரண்டும் கூடவே கூடாது.