கட்டுப் போட்டார்கள், காரணம் கேட்கவில்லை

மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போனேன். முதலில் கண்ணில் பட்டது அம்மாவின் நைட்டி. கணுக்காலோடு நின்றது, இப்போது தரையில் புரண்டது. அம்மா குள்ளமாகிவிட்டாள்.

நான் வருவதற்கு நாலு மாதம் முன்னால் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மருத்துவமனையில் நன்றாகவே கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி முறிந்தால் எலும்பின் அடர்த்தியைப் பார்த்தே ஆகவேண்டும்.

அக்கா ஒரு முகாமில் அம்மாவின் குதிகாலில் கருவி வைத்துப் பார்த்து "நார்மல்" என்று வாங்கிய சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தாள். நான் அழைத்துப்போன டாக்டரம்மா அதை நம்பி விட்டுவிடவில்லை. சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார், முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எழுதினார், இடுப்புக்கும் முதுகுக்கும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் அறையில் இருந்த பெண்ணை மறக்க முடியாது. "இன்னைக்குக் கால்சியம் மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று முதலில் கேட்டுக்கொண்டார். காலைத் தூக்கி ஒரு பஞ்சுத் திண்டின் மேல் வைத்தார். இடுப்பை எடுக்கும்போது பாதத்தை உள்பக்கம் திருப்பி மெல்லப் பட்டை கட்டினார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது, வலியே இல்லை. டி ஸ்கோர், அதாவது ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்ட அளவு, மைனஸ் 2.9. மைனஸ் 2.5-க்கோ அதற்குக் கீழோ போனாலே எலும்புப்புரை, அதாவது எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய். எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கியிருந்தது. வயசான முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எல்லாம் பார்த்தபிறகு எலும்புப்புரைக்கு வாரம் ஒரு மாத்திரை எழுதினார். மருந்துக்கடையில் அதன் உறையிலும் கால்சியம் உறையிலும் ஒரே மாதிரி "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! நல்லவேளை, டாக்டரம்மா முன்பே விளக்கியிருந்தார். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கவேண்டும். அரை மணி நேரம் படுக்கவோ வேறு எதுவும் சாப்பிடவோ கூடாது. கால்சியத்தோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது, படுத்துவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். உங்கள் வீட்டிலும் யாராவது இதைப் போட்டால் உறையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பிசியோதெரபிஸ்ட் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழக்கினார். முதல் நாள் மூன்று தடவைதான் முடிந்தது, நான் கிளம்பும்போது பத்து. குனிந்து பளு தூக்கவே கூடாது என்றார். குளியலறையில் கைப்பிடி அடித்தோம், ராத்திரி விளக்கு வைத்தோம், வழுக்கும் மிதியடியைத் தூக்கிப் போட்டேன்.

அடுத்த ஸ்கேன் இரண்டு வருடம் கழித்து. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக அதே இயந்திரத்திலேயே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரையைப் போட்டதும் அம்மா கூப்பிடுகிறாள். அந்த அரை மணி நேரமும் நிமிர்ந்து உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.