ஹார்வர்ட் மாணவர்கள் நடத்தும் இரவுக் காப்பகங்கள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அமைந்துள்ள கேம்பிரிட்ஜ் நகரில், வீடற்றோருக்காக மாணவர்கள் நடத்தும் இரண்டு இரவுக் காப்பகங்கள் எனக்குத் தெரியும். மூத்தது, 1983இல் யூனிவர்சிட்டி லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் தொடங்கிய ‘ஹார்வர்ட் ஸ்கொயர் ஹோம்லெஸ் ஷெல்டர்’. இளையது, 2015 டிசம்பரில் ஃபர்ஸ்ட் பாரிஷ் தேவாலயத்தின் அடித்தளத்தில் திறக்கப்பட்ட ‘ஒய் டு ஒய்’. ஒரு குளிர்காலத்தில் அந்த ஊரில் தங்க நேர்ந்தபோது மூத்த காப்பகத்தில் சில இரவுகள் தொண்டு செய்தேன். இந்த மதிப்பீடு பெரும்பாலும் அங்கே கண்டதிலிருந்து எழுந்தது.

முதலில் மனத்தில் பதிந்தது பேச்சுமுறை. அங்கு தங்க வருபவர்களை ‘விருந்தினர்’ என்றுதான் அழைக்கிறார்கள். அது சொல்லோடு நின்றுவிடவில்லை. நான் இருந்த ஓர் இரவில், விளக்கணைப்பதற்கு முன்பு விருந்தினர் ஒருவர் வந்து, விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பிவிடும்படி கேட்டார். வேலைக்கு முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டுமாம். மேசையிலிருந்த தாளில் அவருடைய கட்டில் எண்ணையும் நேரத்தையும் ஒரு மாணவி எழுதிக்கொண்டார். நேரம் வந்ததும் விளக்கைப் போடாமல், மற்றவர்களின் உறக்கம் கலையாதபடி குனிந்து மெல்லப் பெயர் சொல்லி அழைத்து, அவர் எழுந்து உட்காரும்வரை அருகிலேயே நின்றார். அந்த மாணவிக்கு அன்று காலையிலேயே தேர்வு இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கூலி கொடுத்து வாங்க முடியாத கவனம் அது.

சமையல், இரவுக்காவல், காலை உணவு என வேலையை முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்று ஊரைவிட்டுப் போகிறவர்களின் கையில் ஒரு காப்பகம் நாற்பது ஆண்டுகள் நிலைத்திருப்பது எளிய செய்தியன்று. மூத்த மாணவர்கள் இளையவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழக்குவதால்தான் இது நடக்கிறது. இந்தக் காப்பகம் ‘பிலிப்ஸ் புரூக்ஸ் ஹவுஸ் அசோசியேஷன்’ என்ற மாணவர் தொண்டு அமைப்பின் கீழ் இயங்குகிறது. இளைய காப்பகத்தைத் தொடங்கிய இருவரும் மாணவப் பருவத்தில் இந்த மூத்த காப்பகத்தில் தொண்டு செய்தவர்களே. பெரியவர்களுக்கான காப்பகங்களில் படுக்க அஞ்சி, தெருவிலேயே இரவைக் கழிக்கும் இளைஞர்களை அங்கே பார்த்த பிறகு, 18 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கென்று 22 கட்டில்களோடு தனி இடம் அமைத்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி விளக்கு, கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதி, பூட்டி வைக்க இடம். பையைத் தலைக்கடியில் வைத்து ஒரு கண் மூடாமல் படுத்துப் பழகியவருக்கு, பூட்டும் சாவியும் எவ்வளவு பெரிய நிம்மதி! பால் அடையாளத்தின் பொருட்டு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட இளைஞர்களும் தயக்கமின்றி வரும்படி அந்த இடத்தைத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்பதையும் பாராட்டிச் சொல்ல வேண்டும்.

குறையும் உண்டு. கட்டில்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில்தான் இடம் கிடைக்கிறது. முந்தி வந்தவருக்கே முதலிடம் என்றால் உடல்நலம் குன்றியவர்கள் கடுங்குளிரில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆகையால் குலுக்கலே நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதில் பெயர் வராதவருக்கு அந்த நியாயம் போர்வையாகாது. மேலும், மூத்த காப்பகம் நவம்பரில் திறந்து ஏப்ரலில் மூடப்படும் குளிர்காலக் காப்பகம். கோடைக்கு அதே மாணவர் அமைப்பு வேறொரு காப்பகத்தை நடத்திவந்திருக்கிறது.

இங்கே பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உழைப்பு மாணவர்களுடையது, இடம் தேவாலயங்களுடையது. ஹார்வர்டின் அறக்கட்டளை நிதியோ 5,000 கோடி டாலருக்கும் மேல். அந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய சதுக்கத்தில், அதன் மாணவர்கள் இவ்வளவு செம்மையாக நடத்திக்காட்டிய ஒரு பணிக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சொந்தக் கட்டடம் ஒன்றைப் பல்கலைக்கழகமே அளிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல்கலைக்கழகத்தின் பங்களிப்பு என்று சொல்லத்தக்கது அதுவே.

அங்கே படிக்கச் செல்லும் நம் மாணவர்கள் பருவத் தொடக்கத்திலேயே பெயர் கொடுத்து, முடிந்தால் இரவு முறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். சமையல் முறையில் வேலை முடிந்ததும் கிளம்பிவிடலாம். இரவு முறையிலோ உறக்கம் வராத ஒருவர் எழுந்து வந்து எதிர்நாற்காலியில் அமர்ந்து பேசத் தொடங்குவார். அவர் சொல்வதைக் கேட்பதற்கு விடியும்வரை நேரமிருக்கும்.