9 மி.மீ. கார்பைன்: பெயர் ஒன்று, இனம் வேறு

நம் படைகளில் 'கார்பைன்' என்ற சொல்லைக் கேட்டதும் பலரின் நினைவுக்கு வருவது, கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் உருவான 9 மி.மீ. 1ஏ1 தான். ஜார்ஜ் பேட்செட் வடிவமைத்து, 1953இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்ட ஸ்டெர்லிங் துப்பாக்கியின் இந்திய வடிவம் இது. பணிக்காலத்தில் பல ஆண்டுகள் இதைச் சுமந்தும் பிரித்துத் துடைத்தும் பழகியவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கையாள்வதற்கு இதைவிட இணக்கமான ஆயுதத்தை நான் கண்டதில்லை. எடை சுமார் 2.7 கிலோ; பின்கட்டையை அடியில் மடித்துவிட்டால் நீளம் 48 செ.மீ. அளவே என்பதால், ஜீப்பின் இருக்கைக்கும் கதவுக்கும் இடையே தடையின்றி அடங்கும். 34 தோட்டாக்கள் கொள்ளும் வளைந்த மேகசின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால், தரையோடு படுத்துச் சுடுவது எளிது. ஆனால் அதே மேகசின் குறுகிய வாசல்களில் இடிக்கும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் உடலைச் சுற்றித் திருகுபோல் ஓடும் வரம்புகள் தெரியும். உள்ளே சேரும் மண்ணையும் கரியையும் அவை வழித்துத் தள்ளிவிடுகின்றன; புழுதியில் இது உழைத்ததற்கு அந்தச் சிறு வேலைப்பாடு முக்கியக் காரணம்.

குறை பெயரில்தான் இருக்கிறது. கார்பைன் என்பது குதிரைப்படைக்காக நீளம் குறைக்கப்பட்ட துப்பாக்கிக்கு வழங்கிய பெயர்; இன்றும் ரைபிள் தோட்டாவையே சுடும் குறுங்குழல் ஆயுதத்துக்கு அது பொருந்தும். அமெரிக்காவின் எம்4 அப்படிப்பட்டது: குழல் 368 மி.மீ., தோட்டா எம்16 ரைபிள் சுடும் அதே 5.56×45 (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது தோட்டா உறையின் நீளம், மி.மீ.இல்). நம் 1ஏ1 சுடுவதோ 9×19 என்னும் கைத்துப்பாக்கித் தோட்டா. ஆகவே இனத்தால் இது, கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் சப்மெஷின் கன். நீளத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். சோவியத் ஏகேஎஸ்-74யூ-வின் குழல் 206 மி.மீ., ஸ்டெர்லிங்கினுடையது 196 மி.மீ.; ஏறக்குறைய ஒரே நீளம். ஆயினும் முன்னது 5.45×39 ரைபிள் தோட்டாவைச் சுடுவதால், அது சுருக்கப்பட்ட தாக்குதல் ரைபிள் ஆகிறது.

இந்த வேறுபாடு களத்தில் உயிரோடு தொடர்புடையது. 1ஏ1-இல் குறிபார்க்க உதவும் பின்குறி 100, 200 கெஜம் என்ற இரண்டு தூரங்களுக்கே அமைந்திருக்கிறது. கார்பைன் என்ற பெயரை நம்பி அதற்கு அப்பால் இலக்குத் தேடும் வீரர் தன்னையே ஆபத்தில் ஆழ்த்துகிறார். குண்டு துளைக்காத உடுப்பும் 9 மி.மீ. தோட்டாவின் வலிமையைக் குறைத்துவிட்டது. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் ரைபிள் தோட்டாவுக்கும் இடையிலான அந்த இடைவெளியை நிரப்பவே பெல்ஜியத்தின் பி90 போன்றவை 5.7×28 என்ற சிறிய, வேகமான தோட்டாவோடு தனி வகையாகப் பிறந்தன. நம் நாட்டிலும் புனேயில் உருவான ஜேவிபிசி (ஜாயின்ட் வென்ச்சர் புரொடெக்டிவ் கார்பைன்) 5.56×30 தோட்டாவைச் சுடுகிறது. அதன் பெயரிலும் கார்பைன் இருந்தாலும், என் கணிப்பில் அது பி90-இன் வகையைச் சேர்ந்தது.

வாயில் காவலுக்கும் வண்டி ஓட்டுநருக்கும் 1ஏ1 இன்றும் போதுமானது என்பேன். உடுப்பணிந்த எதிரியைத் தேடிச் செல்லும் குழுவுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. பயிற்சியில் இதைப் புதியவர் கையில் கொடுக்கும்போது, பெயரைச் சொல்வதற்கு முன் தோட்டாவைக் காட்டுங்கள்.