சுங்கை சிப்புட் டவுன் ரிப்பேர் கடை: அடாப்டரையும் சேத்து எடுத்துட்டு போங்க

மலேசியாவுல பேராக் பக்கம் இருக்கற சுங்கை சிப்புட் டவுன்ல, பழைய கடை வரிசையில, சாப்பாட்டுக் கடைக்கு ரெண்டு கடை தள்ளி இருக்கற அண்ணன் கடை தான். போர்டு எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு, கேட்டா யாரும் காட்டுவாங்க.

அக்கா வீட்டு வைஃபை மோடம் செத்து போச்சுன்னு தூக்கிட்டு போனோம். அண்ணன் மோடத்த தொடவே இல்ல, "அடாப்டர் எங்க தங்கச்சி?"ன்னாரு. நல்ல வேளை பையில இருந்துச்சு, மீட்டர வெச்சா 19 வோல்ட் காட்டுது, மோடம் அடியில பாத்தா 12 வோல்ட்னு போட்டிருக்கு! பிள்ளைங்க பழைய லேப்டாப் அடாப்டர எடுத்து மாட்டியிருக்குங்க, பின்னு கச்சிதமா உள்ள போகுதுல்ல, அப்புறம் என்ன. வோல்ட் சரியா இருக்கணும், அடாப்டர்லயும் மோடத்துலயும் போட்டிருக்கற பிளஸ் மைனஸ் படமும் ஒத்துப் போகணும், ஆம்ப் கூட இருந்தா ஒண்ணும் ஆகாது மோடம் தனக்கு வேண்டியத தான் இழுக்கும், கம்மியா இருந்தா தான் அடாப்டர் கொதிக்கும்னு விளக்கமா சொன்னாரு. உள்ள வோல்ட் ஏறுனா முதல்ல சாகறதுக்குன்னே ஒரு குட்டி டயோடு இருக்காம், அது மட்டும் தான் போயிருந்துச்சு. மாத்திட்டு சரியான அடாப்டரும் குடுத்து 45 வெள்ளி (ரிங்கிட்), எனக்கு நியாயமா தான் பட்டுச்சு.

மேசை மேல கருகிப் போன சொக்கெட் ஒண்ணு வெச்சிருக்காரு, வர்றவங்களுக்கு காட்டறதுக்குன்னே. நம்ம வீடுகள்ல ரெண்டு பின் உருண்டை பிளக்க மாட்ட மேல் ஓட்டையில ஊதுபத்திக் குச்சிய விட்டு குத்துவோம்ல, அந்த வேலை தான். பின் லூசா நின்னு சூடேறி உருகிடுது, நம்ம மூணு பின் பிளக்ல இருக்கற ஃபியூஸும் அதுல கிடையாது. அக்காவோட காத்தாடிக்கு சிரிம் (மலேசிய தரச் சான்று) ஸ்டிக்கர் உள்ள பிளக் மாட்டி, 13 ஆம்ப் ஃபியூஸ கழட்டிட்டு 3 ஆம்ப் போட்டு குடுத்தாரு. கெட்டிலுக்கு தான் 13 ஆம்பாம்.

சார்ஜர் வயரும் விக்கறாரு, பசார் மாலாம் (ராத்திரி சந்தை) விலைய விட கூட தான், ஆனா குட்டி மீட்டர் ஒண்ண நடுவுல சொருகி எவ்வளவு ஆம்ப் போகுதுன்னு கண்ணு முன்னாடியே காட்டிட்டு தான் குடுப்பாரு. மின்னலுக்கு சர்ஜ் எக்ஸ்டென்ஷன் (திடீர்னு ஏறற வோல்ட்ட தடுக்கற எக்ஸ்டென்ஷன்) கேட்டேன், வித்துட்டு, "இத நம்பி இருக்காத, இடி இடிச்சா பிளக்க புடுங்கிடு, மோடத்துக்கு வர்ற டெலிபோன் லைனையும் சேத்து"ன்னாரு, வியாபாரம் தெரியாத மனுசன்.

குறைன்னா, பேச்சு ஜாஸ்தி, ஒரு ஆளு வேலை அதனால லேட்டாகும், வாட்சாப்புக்கு பதிலே வராது. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல போகாதீங்க, பூட்டிட்டு கிளம்பிடுவாரு.