திருகு கனெக்டரா, சால்டரா? ரிமோட் படகு வயரிங்

ரிமோட் படகில் பேட்டரி, ஸ்பீட் கன்ட்ரோலர், மோட்டார் மூன்றையும் இணைக்க ரெண்டு வழி உண்டு. எலக்ட்ரீஷியன் பையில் எப்போதும் கிடக்கும் பித்தளைத் திருகு கனெக்டர் ஒன்று. எக்ஸ்டி60 என்ற பேட்டரி பிளக்கை சால்டர் வைத்து, அதாவது ஈயம் உருக்கி ஒட்டி, பொருத்துவது இன்னொன்று. என் ஓட்டு சால்டருக்கு.

விலையில் சொல்லும்படி வித்தியாசமில்லை. திருகு கனெக்டருக்கு ஒரு ஸ்க்ரூட்ரைவர் போதும். ரெண்டு வயர் மட்டும் உள்ள பிரஷ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் ரெண்டு வயரை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. மேசைச் சோதனைக்கு அதுதான் வசதி.

தண்ணீரில் இறங்கினால்தான் பராமரிப்பு என்னவென்று புரியும். மோட்டார் அதிர்வில் திருகு மெல்ல இளகும். வயர் நுனிக்கு ஈயம் பூசித் திருகினால் கெட்டியாக நிற்கும் என்பார்கள், நடப்பது நேர்மாறு. அழுத்தத்தில் ஈயம் நசுங்கிக்கொண்டே போய் பிடி தளர்ந்துவிடும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில், ஒரு சொட்டு உள்ளே தெறிக்காவிட்டாலும், மூடிய படகுக்குள் ஈரம் படிந்து செம்பு பச்சை பூக்கும். அந்த இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை ஏறினால், 20 ஆம்பியரில் 0.4 வோல்ட் காணாமல் போகும். 8 வாட் சூடு அந்த ஒரே இடத்தில். சேலம் மூக்கனேரியில் புரொபல்லரில் கொடி சுற்றினால் கரண்ட் இன்னும் ஏறும், சூடும் கூடவே ஏறும். ஆக, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் எல்லாத் திருகையும் முறுக்கிப் பார்க்க வேண்டும். யார் செய்கிறார்கள்?

சால்டருக்கு அந்தத் தொல்லை இல்லை, முதல் தடவையே ஒழுங்காக வைத்தால். 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு 14 கேஜ் தடிமன் வயர் சூடேறாது. ஈயம் மங்கலான உருண்டையாக ஒட்டி, இழுத்தால் கையோடு வரும். 60 வாட் வேண்டும். ஈயம் ஒட்ட உதவும் பசையில் ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும். ஆசிட் பேஸ்ட் வயரைத் தின்றுவிடும். ஜோடி பிளக்கை மாட்டிவைத்தே சால்டர் வையுங்கள், பிளாஸ்டிக் இளகினாலும் உள்ளே இருக்கும் உலோக முள் நகராது. சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை முன்னாடியே வயரில் கோத்துவிடுங்கள். பேட்டரிப் பக்கம் பெண் பிளக்தான் (துளை உள்ளது) வரவேண்டும். ஈயம் ஏறி விறைத்த இடம் முடிகிற புள்ளியில்தான் வயர் ஒடியும். அதைத் தாண்டி ஒரு கேபிள் டை போட்டு படகோடு கட்டுங்கள்.

எந்த வழியானாலும் பேட்டரி பிளஸ்ஸை ஒட்டி ஒரு கார் ஃப்யூஸ், பிரஷ் மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 104 கெப்பாசிட்டர் (0.1 மைக்ரோஃபாரட்) கட்டாயம்.

அரை ஆம்பியர்கூட இழுக்காத விளக்குகளுக்குத் திருகு கனெக்டரே இருக்கட்டும். இதெல்லாம் ஏரித் தண்ணீர்க் கணக்கு. கடலில் விடுகிறவர்களுக்கும் இதே தீர்ப்பு என்று அடித்துச் சொல்லமாட்டேன்.